வீரம்மாள் காதில் விழுந்தது

பூம்பாறைக்கு மேற்கே, வெள்ளைப்பூண்டு விளையும் ஒரு படிக்கட்டு வயலில், 1951-ஆம் வருஷம் தை மாதத்தில் பழனிமுத்துவை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகல்தான். ஆனால் மேல்மலையில் பகலை நம்ப முடியாது. பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கிப் பக்கத்து வரப்பே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அவன் மனைவி வீரம்மாள் கீழ்ப்படியில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஈர மரத்தில் கோடாலி இறங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. ஏறிப் போய்ப் பார்த்தபோது பழனிமுத்து பூண்டுத் தாளின் மேல் குப்புறக் கிடந்தான். பிடரியில் விழுந்த வெட்டு கழுத்தைப் பாதி திறந்திருந்தது. முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர் நின்றார்கள். கையிலிருந்த களைக்கொத்தியை வீசி ஒருவனின் சட்டைத் தோளைக் கிழித்தாள் வீரம்மாள். மற்றவன் அவள் கொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். நாலு மாதக் கர்ப்பம் அவளுக்கு. அரிவாள் ஓங்கியதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது மஞ்சுக்குள்ளிருந்து மூன்றாவது ஆளின் குரல் வந்தது.

"அவள உட்டுப்போட்டு வாங்கடா."

போய்விட்டார்கள். புருஷன் அங்கேயே போனான், பிள்ளை மறுநாள் போனது.

வாய்க்கால் தண்ணீருக்காகப் பழனிமுத்துவுக்கும் அவன் பங்காளி சேனாதிபதிக்கும் இரண்டு வருஷமாகப் பகை என்பது ஊருக்கே தெரியும். சேனாதிபதிக்குப் பெண் எடுத்த இடம் கீழே பழனியை ஒட்டிய பாலசமுத்திரம். மதுரைக் கோர்ட்டில் வீரம்மாள் கூண்டேறிச் சொன்னாள்: "எங்க மலையில 'விட்டுட்டு வாங்க'ம்போம். 'உட்டுப்போட்டு'ன்னு சொல்றவுக கீழ பழனிப் பக்கத்து ஆளுக. வந்தது சேனாதிபதி மச்சினமாருதான்."

எதிர்த்தரப்பு வக்கீல் அவளை அதட்டவில்லை. சாவதானமாகவே கேட்டார். "பழனிப் பக்கத்துல எத்தனை ஆயிரம் பேரும்மா அப்படிப் பேசுறாங்க? அதுல இவங்கதான்னு எப்படித் தெரியும்? குரலை அடையாளம் சொல்லுவியா?"

"கொரல் தெளிவாக் கேக்கலைங்க. பேச்சுத்தான் கேட்டுச்சு."

வழக்கு தள்ளுபடியானது. விடுதலையாகிச் சேனாதிபதி ஊர் திரும்பிய அன்று வீரம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனாள். தோளில் ஒரே ஒரு வெட்டுத்தான் விழுந்தது, அதற்குள் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். ஆறு மாதம் சிறையில் இருந்தாள். வெளியே வந்தபின் மேல்மலையில் அவளுக்குச் சோறு போட ஆள் இல்லை. கோடைக்கானலுக்கு நடந்து வந்து, ஊர் ஓரத்து அட்டுவம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகைக்கு வேலைக்குச் சேர்ந்தாள்.

அது தைலம் காய்ச்சும் கொட்டகை. தைலமரத்து இலையைச் செப்புக் கொப்பரையில் அடைத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால், ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து எண்ணெயாக மிதக்கும். கொட்டகையின் சொந்தக்காரர் பசிலியோ என்ற ஸ்பெயின் தேசத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி, நெஞ்சில் எப்போதும் இருமல். அவருடைய நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்து அவர் பக்கம் தோற்றபோது, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குத் தப்பியவர். அங்கிருந்து பம்பாய் வந்து ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்து, டாக்டர் சொன்னதன் பேரில் மலைக்கு வந்தார். தமிழ் அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஊரில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷ் பேசினார்கள். அவர்களோடு அவர் சேரவில்லை.

ஆக, பேச ஆளில்லாத மனிதர் வீரம்மாளிடம் தன் பாஷையிலேயே பேச ஆரம்பித்தார். தண்ணீருக்கு 'அகுவா', ரொட்டிக்கு 'பான்', விறகுக்கு 'லேஞ்ஞா'. முதலில் ஏவிய வேலையைப் புரிந்துகொண்டாள். ஒரு வருஷத்தில் பதில் சொன்னாள். மூன்றாவது வருஷத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. எழுத்து ஒன்றும் தெரியாது. காது மட்டும்தான்.

1956-இல் பம்பாயிலிருந்து ஓய்வுக்கு வந்த ஒரு ஸ்பானியப் பாதிரியார் கொட்டகையைப் பார்க்க வந்தார். வீரம்மாள் காப்பி கொடுத்தாள். அவர் நன்றி சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம். அவளுக்குத் தெரிந்த சொல் 'கிராசியா'. அவரோ நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் காற்றை ஊதி 'கிராத்தியாஸ்' என்றார். அவள் பதில் சொன்னபோது பாதிரியார் காப்பியைச் சிந்தும்படி சிரித்தார்.

அவர் போனபிறகு வீரம்மாள் கேட்டாள், "அவருக்கு நாக்குல ஏதும் கோளாறா, தொரை?"

பசிலியோவும் சிரித்தார். அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அவர் வடக்கே, காஸ்தீல் பக்கம். அங்கே நாக்கு பல்லுக்கு நடுவே போகும். நான் தெற்கே, கிரனாதா மலைக்காரன். எங்கள் வாயில் அது 'ச'தான். கடைசி எழுத்தையும் விழுங்கிவிடுவோம். நீ பேசுவது எங்கள் மலைப் பேச்சு, வீரம்மா. அதுதான் அவருக்குச் சிரிப்பு. கடல் தாண்டி அர்ஜென்டினா போனால் இன்னும் வேறு. தெருவை நான் 'காயே' என்பேன், அவர்கள் 'காஷே' என்பார்கள்."

வீரம்மாளுக்கு இது புதிதாகப் படவில்லை. மேல்மலைக்கும் பழனிக்கும் உள்ளதுதானே. அன்று முதல் தடவையாக அவருக்குப் பூண்டு வயலில் நடந்ததைச் சொன்னாள். அந்த ஒரு வரியையும் சொன்னாள், கோர்ட்டில் அது செல்லாமல் போனதையும்.

பசிலியோ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுத் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். மலாகா நகரம் விழுந்தபோது ஜனங்கள் கடலோரச் சாலையில் ஓடினார்கள். அண்ணனும் தம்பியும் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்தார்கள். தம்பிக்குப் பதினெட்டு வயது. காலில் குண்டு பாய்ந்து முனகினான். சிப்பாய்கள் அவனைச் சாலைக்கு இழுத்துப் போனார்கள். பசிலியோ பத்தடி தூரத்தில், கரும்புத் தோகைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார். முகம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு குரல்தான் கேட்டது: "மாத்தலே." பிறகு துப்பாக்கிச் சத்தம்.

"அவனைக் கொல் என்று சொல்ல நாங்கள் 'மாத்தலோ' என்போம். அர்ஜென்டினாக்காரனும் அப்படித்தான் முடிப்பான். 'மாத்தலே' என்பவன் காஸ்தீல்காரன். அந்த 'லே' எனக்கு இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது."

முகம் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டவர்கள் அந்தக் கொட்டகையில் இரண்டு பேர். அதன்பின் அவர்களுக்குள் முதலாளி, வேலைக்காரி என்ற இடைவெளி பாதியாகக் குறைந்துவிட்டது.

1958 ஐப்பசியில் ரமோன் வந்தான். அர்ஜென்டினாக்காரன், தைல வியாபாரி, ஆறு மாதத்துக்குச் சரக்கு பேச வந்திருக்கிறேன் என்றான். நல்ல உயரம், முன்நெற்றியில் வழுக்கை, கலகலப்பான ஆள். 'காஷே' என்றான். பசிலியோவுக்குக் கூடவே இருந்து பேசச் சொந்தப் பாஷைக்காரன் கிடைத்த சந்தோஷம். வீட்டிலேயே தங்கவைத்து, தன் படுக்கையை அவனுக்குக் கொடுத்தார். பத்து நாள் அந்த வீட்டில் ஒரே பாட்டும் சிரிப்புமாக இருந்தது.

பதினோராம் நாள் காலை பசிலியோ டப்பா வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கியிருந்தார். வீரம்மாள் இலைக் குவியலை அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரமோன் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். குவியலுக்குள்ளிருந்து ஒரு விரியன் பாய்ந்து அவன் பூட்ஸைக் கொத்தியது. பல் தோலில் மாட்டிக்கொண்டது. ரமோன் காலை உதறியபடி அலறினான்.

"மாத்தலே! மாத்தலே!"

வீரம்மாள் இலை வெட்டும் அரிவாளை எடுத்து ஒரே வெட்டில் பாம்பைத் துண்டாக்கினாள். தலை பூட்ஸிலேயே தொங்கியது. அதை அரிவாள் நுனியால் நெம்பி எடுத்தாள். அவன் கத்திய சொல்தான் அவள் காதில் நின்றது. பிறகு பயம் தெளியாமல் ரமோன் தனக்குத்தானே படபடவென்று பேசிக்கொண்டபோது, பாதிரியாரிடம் கேட்ட அந்தப் பல்லிடுக்குச் சத்தம் நாலைந்து தடவை வந்தது.

மறுநாள் மதியம் பசிலியோ திரும்பினார். வீரம்மாள் சொன்னாள். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அவர் கதை முழுதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் மதுரையில் யாரும் மதிக்காத காது இது. இன்று இதை மதிக்கிற ஒரு மனிதர் எதிரே நிற்கிறார். அந்தப் பெருமையில் வார்த்தை வாயை விட்டு வந்துவிட்டது.

"அந்த ஆளு அந்த நாட்டுக்காரர் இல்ல, தொரை. பயத்துல வந்த பேச்சு வேற. 'மாத்தலே'ன்னாரு."

 பசிலியோ கையிலிருந்த டப்பாக்களை மெதுவாகக் கீழே வைத்தார். இலை வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வீரம்மாள் பின்னால் ஓடினாள்.

ரமோன் கொப்பரைப் பக்கம் நின்றிருந்தான். பழைய இலையை மாற்றுவதற்காக மூடி திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ எந்த ஊர்?" என்றார் பசிலியோ.

"புவெனஸ் ஐரஸ். தெரியுமே உங்களுக்கு."

"பிறந்த ஊர்."

ரமோன் அரிவாளைப் பார்த்தான், வீரம்மாளைப் பார்த்தான். பொய்யை விட்டுவிட்டான். "காஸ்தீலில், வல்யதோலித் பக்கத்தில் ஒரு கிராமம். அர்ஜென்டினா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எங்கே போனாலும் நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். அதனால் மாற்றிச் சொல்கிறேன். அவ்வளவுதான்."

"மலாகா சாலையில் என் தம்பியைக் கொன்றீர்கள்."

"எனக்கு அப்போது பதினாலு வயது!" என்று கத்தினான் ரமோன்.

பதினாலு என்பதற்குப் பசிலியோவின் மலையிலும் அர்ஜென்டினாவிலும் 'கத்தோர்சே'. ரமோன் சொன்னது 'கத்தோர்த்தே'. பல்லிடுக்கிலிருந்து காற்றோடு வந்த அந்தச் சத்தத்துக்கு மேல் பசிலியோவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. அரிவாள் ரமோனின் தோள்பட்டையில் இறங்கி எலும்பில் சிக்கியது. பிடுங்கி மறுபடி ஓங்கினார். வீரம்மாள் குறுக்கே பாய்ந்து இடது கையால் அரிவாளைப் பிடித்தாள்.

"அந்த ஊர்க்காரருன்னுதான் சொன்னேன் தொரை! அந்த ஆளுன்னு நான் சொல்லலியே!" என்று தமிழில் அலறினாள். ஸ்பானியத்தில் ஒரு சொல்கூட அந்த நேரத்தில் அவளுக்கு வரவில்லை. பசிலியோ அரிவாளை உருவி இழுத்தார். அவளுடைய சுண்டுவிரலும் அடுத்த விரலும் தரையில் விழுந்தன.

அரிவாள் மூன்றாம் தடவை ரமோனின் கழுத்துக்குக் குறி வைத்து வந்தது. ரமோன் சரியாக இருந்த ஒரே கையால் அவர் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினான். ஒல்லியான மனிதர். பின்னால் சரிந்து, திறந்த கொப்பரைக்குள் முதுகும் இடுப்பும் அமிழ விழுந்தார். அவர் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கை ரத்தம் கொட்டக் கொட்ட வீரம்மாள்தான் அவரை வெளியே இழுத்துப் போட்டாள். சட்டையோடு தோலும் கழன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் நினைவு வந்தபோது வீரம்மாள் பக்கத்தில் இருந்தாள்.

"அவன்தானே?" என்று கேட்டார்.

அவளால் ஆமாம் என்று சொல்லியிருக்க முடியும். சாகப்போகிறவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். வீரம்மாள் சொல்லவில்லை. "தெரியாது" என்றாள், அவருடைய மலைப் பேச்சிலேயே. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் இறந்தார்.

ரமோன் மேல் போட்ட வழக்கு மதுரைக்குப் போனது. எட்டு வருஷத்துக்குப் பிறகு வீரம்மாள் அதே படிகளில் ஏறினாள். ஸ்பானியம் தெரிந்தவர் வேண்டும் என்று பம்பாயிலிருந்து அந்தப் பாதிரியாரை வரவழைத்திருந்தார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைக்கு அந்தப் பாஷை எப்படிப் புரியும் என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி பாதிரியாரை அவளோடு பேசச் சொன்னார். அவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள். கோர்ட்டில் பின்வரிசை சிரித்தது. பாதிரியார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கிரனாதா மலையில் பிறந்தவள் போலப் பேசுகிறாள், ஐயா" என்றார்.

வீரம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் முதலில் வெட்டியது, யார் எதற்காகத் தள்ளியது, யார் என்ன சொன்னது. யாரும் கேட்காததையும் சொன்னாள்: "மொதல்ல வாயத் தொறந்தவ நாந்தானுங்க. நான் சொல்லாட்டி தொரை அருவாள எடுத்திருக்க மாட்டாரு."

ரமோனின் பாஸ்போர்ட்டை நீதிபதி படித்தார். பிறந்தது 1922 நவம்பர். மலாகா விழுந்தது 1937 பிப்ரவரி. பதினாலு வயது என்றது உண்மைதான். தற்காப்பு என்று விடுதலையானான். வெளியே வராந்தாவில் அவன் அவள் எதிரே வந்து நின்றான். நன்றி சொல்ல வந்தானா, ஏச வந்தானா என்று தெரியவில்லை. விரல் போன அவள் கையைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவளுக்கு அன்று நினைவில் வந்தவர் பழைய வக்கீல். சாவதானமாகக் கேள்வி கேட்ட அந்த மனிதரை எட்டு வருஷம் மனதாரச் சபித்திருந்தாள். சேனாதிபதி மச்சினமார்தான் வந்தார்கள் என்பதை இப்போதும் அவள் நம்பினாள். ஆனால் அன்று வக்கீல் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கொட்டகையை வேறொருவர் எடுத்தார். வீரம்மாளை இலை நிறுக்கும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஸ்பானியம் பேச ஆளில்லை. தைலமரக் காட்டில் தனியாக இருக்கும்போது சில சமயம் மேய வந்த மாட்டிடம் அந்தப் பாஷையில் பேசுவாள்.

அறுபதுகளின் கடைசியில் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து தோட்டக்காட்டு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள். அட்டுவம்பட்டிக்கு மேலே முப்பது குடும்பம் குடிசை போட்டது. 1969 மாசியில் ஒரு நாள் வெள்ளனே, மஞ்சு இறங்கிய சாலையில், பால்காரக் குப்பம்மாளை ஒருவன் மறித்துக் கம்மலைப் பிடித்து இழுத்தான். காது மடல் கிழிந்து இரண்டாகிவிட்டது. முகம் தெரியவில்லை. "கெதியா கழட்டு" என்று சொன்னானாம்.

"நம்ம ஆளுன்னா வெரசாம்பான். கெதியாங்கிறது சிலோன்காரப் பேச்சு" என்றான் மரக் கான்ட்ராக்டர் ஞானவேல். முதல் குடிசையில் இருந்தவன் கந்தவேல். அவனை வெளியே இழுத்துத் தைலமரத்தில் கட்டினார்கள். வீரம்மாள் இலைக்கட்டோடு அந்த வழியே வந்தபோது அவன் வாயெல்லாம் ரத்தம், பல் இரண்டு சட்டையில் ஒட்டியிருந்தது. மனைவி கண்மணி ஞானவேல் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "சாமி, இவரு ராவெல்லாம் காய்ச்சலா கெடந்தாருங்க! பேரட்டுக்குக்கூடப் போகலீங்க!" பேரட்டு என்றால் தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டத்தில் ஒருவன் இளித்தான். இன்னும் நாலு அடி விழுந்தது.

வீரம்மாள் இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு மரத்துக்கும் ஞானவேலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஏலே ஞானவேலு, இவன் மொகத்தக் குப்பம்மா பாத்தாளா?"

"பேச்சக் கேட்டாள்ல. நீ ஒதுங்கு, பெருசு."

"இந்தப் பேச்சு பேசுறவுக இந்த மேட்டுல மட்டும் நூறு பேரு இருக்காக. நூறு பேரையும் கட்டி வச்சு அடிப்பியா?"

"தேவைன்னா அடிப்பேன்."

"அப்ப என்னையும் சேத்து அடி."

ஓங்கிய கட்டை நிற்கவில்லை. அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. மண்டியிட்டாள், ஆனால் கந்தவேலின் இடுப்பைக் கட்டிய கையை எடுக்கவில்லை. பொம்பளையைப் போய் அடிக்கிறானே என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஞானவேல் காறித் துப்பிவிட்டுக் கடைசியாகப் போனான்.

கயிற்றை அவிழ்த்து, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, கந்தவேலை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வீரம்மாளின் வலது காதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. ஏரிக்கரை திருப்பத்தில் கந்தவேல் நின்று மூச்சு வாங்கினான்.

"நா எடுக்கலேன்னு நீங்களாச்சும் நம்புறீங்கதானே, அம்மா?"

"நீ எடுத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் வீரம்மாள். "அவுகளுக்கும் தெரியாது. அதத்தான் சொன்னேன். நட, வெரசா நட. டாக்டர் கெளம்பிருவாரு."